நெருப்பு சுடாத கைகள்

2003ஆம் வருஷம் பங்குனி மாதம் ஆதிலட்சுமியின் கைகளைச் சுடுவதை நெருப்பு நிறுத்திக்கொண்டது. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மையும் அகல்விளக்கும் செய்கிற பட்டறை ஒன்றில், சூளையிலிருந்து சரக்கு இறக்குவது அவள் வேலை. ஆறுவதற்கு முன்பே, கந்தல் துணிகூடச் சுற்றாமல், தக்காளி பொறுக்குவது மாதிரி விளக்குகளை எடுத்து அடுக்கினாள். கொப்புளம் இல்லை, சிவக்கவும் இல்லை. முழங்கைக்குக் கீழே வெளிறிய படை மட்டும் இருந்தது. மருந்துக்கடைக்காரர் தேமல் என்று களிம்பு கொடுத்தார். அம்மன் திருநீறு பூசிய இடம் என்றது தெரு. இப்படிச் சொல்வதற்கு நம் ஊரில் ஆள் பஞ்சமே கிடையாது. சேத்தியாத்தோப்பிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்து அவள் உள்ளங்கையில் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டார்கள். புருஷன் பக்கிரியே "வாங்க, போங்க" என்று பேச ஆரம்பித்தான்.

ஊரில் போட்ட மருத்துவ முகாமுக்கு வந்த தோல் டாக்டர் பூர்ணிமா மட்டும் கும்பிடவில்லை. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தடவினார். வெந்நீர் ஒன்றிலும் குளிர்நீர் ஒன்றிலுமாக நிரப்பிய இரண்டு சின்னக் கண்ணாடிக் குழாய்களைப் படையில் வைத்து எது சூடு என்று கேட்டார். முழங்கை நரம்பை உருட்டிப் பார்த்தார். கயிறு மாதிரி தடித்திருந்தது.

"இது தொழுநோய்ம்மா. மாத்திரை சும்மாவே தராங்க, ஒரு வருஷம் சாப்ட்டா சரியாயிடும்" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "கொழந்தையத் தொட்டா சூடு தெரியுதா?"

மூன்று வயது மோகனப்பிரியா அவள் இடுப்பில்தான் இருந்தாள். மகளைக் கை பிடித்திருக்கிறதா என்பதையே குனிந்து பார்த்துத்தான் ஆதிலட்சுமி தெரிந்துகொள்வாள். ஆனால் அந்த வியாதியின் பெயர் வெளியே போனால் வாடகை வீட்டைக் காலிசெய்யச் சொல்வார்கள், பட்டறையிலும் நிறுத்திவிடுவார்கள்.

"தெரியுதுங்க" என்றாள். மாத்திரை அட்டைகளைப் பக்கிரி அரிசிப் பானைக்குள் போட்டு மூடினான்.

ஐப்பசி மழையில் ஒருநாள் குழந்தை சுருண்டு படுத்தது. ஆதிலட்சுமி காலையிலிருந்து நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. தெரியாததைக் காய்ச்சல் இல்லையென்று எடுத்துக்கொண்டாள், பாவி. கற்பூரக்காரர்கள் வந்தார்கள், கையை நீட்டினாள். மதியம் சோற்றுக்கு வந்த பக்கிரி மகளைத் தொட்டான்.

"அடிப்பாவி, கொழந்த கொதிக்குதுடி!"

அவன் கொடுத்த மரியாதை அன்றோடு போயிற்று. ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் குழந்தையும் போய்விட்டது.

அரிசிப் பானையைத் திறந்து மாத்திரையை எடுத்தவள் ஒரு வருஷம் விடாமல் சாப்பிட்டாள். படை மறைந்தது. குணமாகிவிட்டது என்றார் டாக்டர். ஆனால் மகளைப் புதைத்த அன்றே அவள் உள்ளங்கையில், ஒரு சின்ன நெற்றி அளவுக்கு, சூடு ஏறியிருந்தது. அது மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. பூர்ணிமா தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். நூற்று நாலு. மருந்து எதுவும் எழுதாமல் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

காய்ச்சல் இன்றுவரை இறங்கவில்லை. கற்பூரம் கொண்டு இப்போது யாரும் வருவதில்லை. அடைமழையில் துணி காயாதபோது தெருப்பெண்கள் பிள்ளைகளின் சட்டைகளைக் கொண்டுவருகிறார்கள். ஆதிலட்சுமி ஒவ்வொன்றாக உள்ளங்கையில் விரித்துக் காயவைத்து மடித்துக் கொடுக்கிறாள். மூன்று வயசுச் சட்டை சீக்கிரமே காய்ந்துவிடும். அதைத்தான் தாமதமாகத் திருப்பித் தருவாள். யாரும் அவசரப்படுத்துவதில்லை.