பெயர் வைக்காத பிள்ளை

தமிழ்ச்செல்வி இஸ்லாத்துக்குப் போய்விட்டாள் என்று தெரிந்ததும் ஊரில் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: "பையன் யாரு?"

பையன் யாரும் இல்லை என்று அவள் சொன்னதை அம்மா காசியம்மாள்கூட நம்பவில்லை. தமிழ்ச்செல்வி ஆரணியில் ஒரு தையல் கடையில் பட்டுப் புடவைகளுக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். கடைக்காரம்மா ஷாகிரா வைத்திருந்த தமிழ்க் குர்ஆனைக் கேட்டு வாங்கி, மாதக்கணக்கில் படித்து, தானாக எடுத்த முடிவு அது. ருகையா என்று பெயர் வைத்துக்கொண்டாள். வீட்டில் தமிழு என்றேதான் கூப்பிட்டார்கள். அதை அவள் மாற்றச் சொல்லவில்லை.

அண்ணன் அன்பரசு ரைஸ்மில்லில் சூப்பர்வைசர். அடிக்கவில்லை, துரத்தவில்லை. ஒன்றே ஒன்று சொன்னான். "உன் சாமி உன்னோட. வூட்ல யார்கிட்டயும் அதப் பத்திப் பேசக் கூடாது."

அவள் பேசவில்லை. பின்கட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தொழுதாள். பொங்கலுக்குக் காய் நறுக்கிக் கொடுத்தாள், படையலின்போது மட்டும் ஒதுங்கிக்கொண்டாள். தன் நடத்தையைப் பார்த்து யாராவது ஒருநாள் கேட்பார்கள், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

கேட்டது அண்ணி சுபத்ரா.

சுபத்ராவுக்கு எட்டாம் மாதத்தில் குழந்தை செத்துப் பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கொண்டுபோய் அன்பரசு ஏரிக்கரையில் புதைத்துவிட்டான். குழந்தையின் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் காசியம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "பேர் வெக்காத புள்ளைக்கி அழுவக் கூடாது. அடுத்தது தங்காது." அதனால் சுபத்ரா பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஒரு மதியம் தமிழ்ச்செல்வி தொழுகை முடித்துத் திரும்பியபோது அண்ணி கதவைத் திறந்து அறை வாசற்படியில் நின்றிருந்தாள். பால் கட்டி, ரவிக்கையின் முன்பக்கம் ஈரமாக இருந்தது.

"தமிழு, செத்துப் பொறந்த புள்ளைங்க எங்க போவும்? உங்கள்ல இன்னா சொல்றாங்க?"

அண்ணன் பேசக் கூடாது என்று சொன்னது நினைவுக்கு வந்தது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டு அப்படிச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"சின்னதுலயே போற புள்ளைங்க சொர்க்கத்துல இருக்குதுங்க அண்ணி. இப்ராஹிம்னு ஒரு நபி. அவர்தான் அதுங்களப் பாத்துகினு கீறாராம்."

"பேர் வெக்காததுங்களக் கூடவா?"

"நான் படிச்ச வரைக்கும், அதுங்களயும்தான்."

சுபத்ரா அங்கேயே தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்தாமல் அழுதாள்.

அதன் பிறகு அடிக்கடி வந்தாள். எங்கள் பக்கம் வந்துவிடுங்கள் என்று தமிழ்ச்செல்வி ஒருபோதும் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், கேட்காத நாளில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எப்படி வேண்டிக்கொள்வது என்று கேட்டபோதும், "மனசுல கீறத உங்க வார்த்தையிலயே கேளுங்க அண்ணி" என்றாள். சுபத்ரா மெல்லச் சாப்பிட ஆரம்பித்தாள். தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கையில் தமிழ்ச்செல்விக்கு ஒரு சந்தேகம் வரும். அண்ணி ஆறுதலடைந்தால் போதுமா, இல்லை என்னோடு வந்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறேனா? இரண்டும் இருந்தது. அதை நினைத்தால் பயமாகவும் இருந்தது.

ஆடி மாதம் வீட்டு வாசலில் கூழ் ஊற்றிய அன்று, குறி சொல்பவரிடம் கேட்டுவிட்டு வந்தாள் காசியம்மாள். செத்த பிள்ளையின் தோஷம் வீட்டைச் சுற்றுகிறதாம். அதைக் கழிக்க வேண்டுமாம்.

"எம்புள்ள தோஷம் இல்ல" என்றாள் சுபத்ரா. "அது சொர்க்கத்துல கீது. இப்ராஹிம்கிட்ட கீது."

கூழ் வாங்க வந்திருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு தனகோடிதான் முதலில் வாய் திறந்தாள். "மொதல்ல பொண்ணு, இப்ப மருமவ. நாளைக்கி யார் வூட்லயோ?"

அன்பரசு மனைவியின் கையை இறுக்கிப் பிடித்தான். "யார் சொன்னா உனக்கு?"

சுபத்ரா நாத்தனாரைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "நான் ஒண்ணுமே கேக்கல. தமிழுதான் கூப்ட்டு வெச்சி சொல்லிகினே இருந்திச்சி."

அன்பரசு தங்கை பக்கம் திரும்பினான். "அப்டியா?"

அண்ணியின் மணிக்கட்டில் அவன் விரல்கள் பதிந்திருந்தன. கேட்டது அண்ணிதான் என்ற உண்மையைச் சொன்னால் அந்தப் பிடி விடாது.

"நான்தான் கூப்ட்டு வெச்சி சொன்னேன்ணா" என்றாள் தமிழ்ச்செல்வி.

பிடி விட்டது. அன்று சாயங்காலமே ஒரு பையோடு அவள் ஆரணி பஸ் ஏறினாள். காசியம்மாள் வெளியே வரவில்லை.

கார்த்திகையில், கடையில் தமிழ்ச்செல்வி தனியாக இருந்தபோது, சுபத்ரா ஒரு பட்டுத் துணியோடு வந்தாள். உறவில் கல்யாணம். தெருவில் அன்பரசு பைக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

தமிழ்ச்செல்வி டேப்பை எடுத்தாள். அண்ணி பாதியாக இளைத்திருந்தாள்.

"சாப்டறீங்களா அண்ணி?"

சுபத்ரா தெருப் பக்கம் பார்த்துக்கொண்டாள். தோளளவு எடுக்க நெருங்கியபோது காதோரம் அவள் குரல் கேட்டது.

"நெஜம் சொல்லு. அன்னிக்கி நீ சொன்னது நீ நம்பறதா, இல்ல நான் அழுவறத நிறுத்தறதுக்காவ சொன்னதா?"

"நான் நம்பறதுதான் அண்ணி."

சுபத்ரா குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டாள்.

"மாவுல புள்ள மாதிரி ஒண்ணு செஞ்சி, என் கையாலயே ஏரியில வுட வெச்சாங்க தமிழு. தோஷம் போச்சாம். அதுலேர்ந்து எனக்கு நீ சொன்னதும் மனசுல நிக்கல, அவங்க சொல்றதும் நிக்கல. புள்ள எங்கியும் இல்ல."

தமிழ்ச்செல்வி என்னவோ சொல்ல வாயெடுத்தாள்.

"வேணாம். எதுவும் சொல்லாத." வெளியே ஹாரன் அடித்தது. "துணிய வாங்க அவரே வருவாரு."

பைக் போன பிறகுதான் எடுத்த அளவு எதையும் எழுதிக்கொள்ளவில்லை என்பது தெரிந்தது. போன் செய்து கேட்கவும் வழியில்லை. தெரிந்த உடம்புதான், இளைத்ததற்குக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். பட்டில் ஈரம் பட்டால் கறை நிற்கும். புறங்கையால் கண்களைத் துடைத்துத் துடைத்து அவள் வெட்டத் தொடங்கினாள்.