குனிந்து போனவர்

மரியாதையைக் கண்டுபிடித்து உலகத்துக்குக் கொடுத்த ஊர் கடத்தூர்தான் என்பதில் மதியழகனுக்குத் துளி சந்தேகமும் இல்லை. “நாங்க நாயத் தொரத்தறப்பகூட ‘போங்க’ன்னுதாங்க சொல்லுவோம். பொம்மிடிக்காரங்க நீங்க எங்ககிட்ட இருந்து கத்துக்கிட்டீங்க” என்று, அக்கா எழிலரசியின் நிச்சயதார்த்தத்துக்கு வந்திருந்த மாப்பிள்ளை வீட்டாரிடம் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் சொன்னான். கல்லூரிப் பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்கிய பேச்சு. இங்கேயும் எடுபட்டது.

அந்தத் தெம்பில் அவன் கண் ஹிரேன்மேல் விழுந்தது. கேட்டரிங் ஆட்களோடு வந்திருந்த அசாம்காரர், நாற்பது வயதிருக்கும். காபி கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் வரிசை வந்தால் இடுப்பை மடக்குவார். வலது கையைத் தரையைத் தொடப்போவதுபோல் தாழ்த்தி அப்படியே நகர்வார். தாண்டியதும் நிமிர்ந்துகொள்வார்.

“பாவம், அஞ்சு ரூபா காயின் எங்கயோ விழுந்துடுச்சாட்டம் இருக்கு. வந்ததுல இருந்து தேடறாரு.”

சிரிப்பு போதவில்லை. எழுந்து, முதுகை வளைத்து, கையைத் தொங்கவிட்டு, ஹாலின் குறுக்கே நடந்தே காட்டினான். பாதி வழியில் சிரிப்பு பட்டென்று அறுந்தது. திரும்பிப் பார்த்தான். கை கழுவப் போயிருந்த மாப்பிள்ளையின் அப்பா ராஜப்பன் அவனுக்கு நேர் பின்னால் வந்துகொண்டிருந்தார். மரவள்ளிக் காட்டில் வளைந்துபோன முதுகு அவருக்கு. நடந்தால் கை முழங்காலுக்குக் கீழே ஆடும்.

“என்னயப் பாத்தா அவ்ளோ சிரிப்பா வருதா தம்பி?”

அவர் உட்காரவில்லை. அவர் பக்கத்து ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். தட்டு இன்னும் மாற்றியாகவில்லை. எழிலரசிக்குக் கூடிவந்த இடம் ஒன்று போன வருஷம் இப்படியொரு ஹாலில், இதைவிடச் சின்ன பேச்சில் கலைந்திருந்தது. அவள் மேடையிலிருந்து தம்பியையே பார்த்தாள்.

“ஐயோ மாமா, உங்கள இல்லீங்க! சத்தியமா இல்லீங்க. அதோ, அந்த அசாம்காரனத்தான்!”

“அட, அவனா!” என்று கூட்டமே லேசாகிவிட்டது. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அவன் என்றால் யாருக்கும் ஒன்றுமில்லை. “ஏய், இங்க வாப்பா. எப்டிப் போவ, போய்க் காட்டு” என்றார் ராஜப்பனின் மச்சான்.

ஹிரேன் காபித் தட்டைக் கீழே வைத்தார். குனிந்தார். கையைத் தாழ்த்தி, சிரிக்கிற அத்தனை பேர் முன்னாலும் மெதுவாக, முழு வரிசையையும் கடந்தார். மதியழகன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ராஜப்பன் சிரிக்கவில்லை. “ஏம்ப்பா அப்டிப் போற?”

“பெரியவங்க உக்காந்திருக்காங்க. முன்னாடி நிமிந்து போனா தப்புங்க. எங்க வூட்ல எல்லாரும் இப்டித்தாங்க.”

ராஜப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “நல்ல நேரம் போவுது, தட்ட எடுங்க” என்றார்.

தட்டு மாறியது. பெரியவர்களைக் கும்பிட்டு முடித்து, எழிலரசி அவன் காதோரம் வந்தாள். “கல்யாணம் நின்னுடும்னு பயந்துட்டேன்டா. அதுக்குன்னு அந்த மனுசனப் புடிச்சு முன்னாடி தள்ளுவியா? போ, போய்ப் பேசிட்டு வா.”

போகிற வழியில் இரண்டு மூன்று மன்னிப்புகளைத் தயார் செய்தான். எல்லாவற்றிலும் ஒரு ஜோக் ஒட்டிக்கொண்டே வந்தது.

சமையல்கட்டுக்குப் பின்னால் ஒடுக்கமான நடை. இரண்டு பக்கமும் கேட்டரிங் ஆட்கள் தரையில் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பாத்திரம் தேய்க்கும் முனியம்மாள், சாதம் வடிப்பவர், கடைசியில் ஹிரேன். அவர்களுக்கு நடுவில் போனால்தான் அவரிடம் போக முடியும். மதியழகன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். பிறகு இடுப்பை மடக்கி, வலது கையைத் தரையருகே தாழ்த்தி, ஓர் அடி எடுத்து வைத்தான்.

வரிசைக் கடைசியில், வாய்க்குக் கொண்டுபோன சோற்றுக் கை அப்படியே நிற்க, ஹிரேன் இடது கையால் தன் இலையைச் சுவரோரம் இழுத்து வழி விட்டார்.