முழுக்கைச் சட்டை

சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டையை மாட்டி, பொத்தானும் போட்டுக்கொண்டு கரும்புக் கொல்லைக்குப் போகிற ஆள் வடக்கனந்தலிலேயே என் வீட்டுக்காரர் ராஜாங்கம் ஒருத்தர்தான். சட்டைக்குள்ளே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாதா? டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இடது கையில் இரண்டு ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்தார்கள். அது இப்போது சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாதிரி புடைத்துக் கிடக்கிறது. தொட்டால் உள்ளே அதிரும்.

என் கிட்னி ஒன்றை அவருக்குக் கொடுத்த பிறகு டயாலிசிஸ் நின்றுபோனது. அந்தக் குழாய்க்கு இனி வேலையில்லை. ஆனால் ரத்தம் அந்த வழியாகவே குறுக்கே பாய்ந்து இதயம் வீங்குகிறது, சீக்கிரம் மூடாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். வரப்பு ஏறினாலே இவருக்கு மூச்சு வாங்குகிறது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்தார்கள். அன்றைக்குக் கரும்பு வெட்டு என்றார் இவர். மறுபடி தேதி வாங்கினால் கரியாலூரில் கல்யாணம் என்றார்.

எனக்குச் சந்தேகம் தட்டியது. என் கிட்னி மேல் இந்த மனுஷனுக்கு நம்பிக்கையில்லை. நாளைக்கே அது கெட்டுப்போனால் திரும்ப ஊசி குத்திக்கொள்ளத்தான் பழைய வழியைத் திறந்து வைத்திருக்கிறார். வயிற்றைக் கிழித்துக் கொடுத்தவளுக்கு எரியுமா எரியாதா?

இன்னொன்றும் இருந்தது. விடியும்போது, நான் தூங்குவதாக நினைத்து, என் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்துகிறார். கேட்டால் எறும்பு என்கிறார். தினமும் அதே இடத்திலா எறும்பு?

கடைசியில் நச்சரித்து நச்சரித்து பஸ் ஏற்றினேன். நர்ஸ் கையை நீட்டச் சொன்னதும் எழுந்து வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

“எங்கிட்னி எப்போ கெடும்னு பாத்துக்கினு இருக்கீங்களா?”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“உங்கிட்ட இருக்கறது ஒண்ணுதான அமிர்தம். அது நின்னுபோச்சுன்னா? கெணத்துல நம்ம மொறைத் தண்ணிய பங்காளிக்கு வுட்டுட்டு, நமக்கு வேணும்னா திருப்பி வாங்கிக்கறமில்ல? அந்த மாதிரி உன்னுத உனக்குக் குடுத்துட்டு, நான் பழையபடி ஊசி குத்திக்கினு கெடப்பன். கையில இருக்கற வழிய மூடிட்டா இன்னா பண்றது?”

“அந்த எறும்பு?”

“கால் வீங்கி, அமுக்குனா குழி வுழுதான்னு பாத்தன். கிட்னி கெடறப்ப எனக்கு அப்படித்தான ஆரம்பிச்சுது.”

வெட்கமாகப் போய்விட்டது எனக்கு. கிட்னி என்ன கிணற்றுத் தண்ணீரா, முறை வைத்துத் திருப்பிக் கொடுக்க என்று கேட்டேன். என் ரத்தப் பரிசோதனையெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். அவரை ஆபரேஷனுக்கு அனுப்புவதற்காகப் பொய் சொல்கிறேனோ என்று என் முகத்தையே பார்த்தார். இப்போது சந்தேகம் அவருக்கு.

செருப்பைக் கழற்றினேன். வராண்டாவில் அத்தனை பேர் பார்க்க, இரண்டு காலையும் தூக்கி அவர் மடியில் வைத்தேன்.

“அமுக்கிப் பாருங்க.”

அழுத்தினார். விரலை எடுத்துக் குனிந்து பார்த்தார். மறுகாலிலும் அழுத்தினார். குழி விழவில்லை.

பிறகு, என் காலை மடியிலிருந்து இறக்காமலே, சட்டைக்கையின் பொத்தானைக் கழற்றினார்.