தரையில் பழகும் பட்டம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் சௌந்தரநாயகி கைப்பேசியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கூடத்து ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துவிடுவாள். மகன் வசந்தகுமார் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்திலிருந்து கூப்பிடும் நேரம் அது. சாப்பிட்டாயா என்று அவன் கேட்பான். சாப்பிட்டேன், நீ சாப்பிட்டாயா என்று இவள் கேட்பாள். அங்கே குளிரா, இங்கே வெயிலா என்று போகும். அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் பேச்சு கிடைக்காது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று இவள் தேடிக்கொண்டிருக்கும்போதே, "சரிம்மா, வச்சிடவா?" என்பான். வைத்துவிடுவான்.

மயிலாடுதுறையிலிருந்து பூம்புகார் போகிற சாலையில், செம்பனார்கோயிலைத் தாண்டி உள்ளே தள்ளியிருந்தது அவள் ஊர். அங்கே அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர் வேலை. கணவர் நடராசன் மாரடைப்பில் போனபோது வசந்தகுமார் காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடம் இருக்கிற நாட்களில் பொழுது எப்படியோ போய்விடும். அரிசி, முட்டை, பிள்ளைகளின் கூச்சல். மே மாதம் பள்ளியை மூடிவிட்டால் வீட்டில் குக்கர் விசில்தான் ஒரே சத்தம். அதுவும் ஒரு ஆளுக்குச் சமைக்கிற விசில்.

மகனோடு நீளமாகப் பேசிய ஒரே ஒரு ஞாயிறு அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. போன வருஷம். அவன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் போட்டிருந்தான். நடுக்கடலில் ஒரு பலகைமேல் நிற்கிறான், தலைக்கு மேலே வானத்தில் வில்லாக வளைந்த பெரிய பட்டம் ஒன்று அவனை இழுத்துப் போகிறது. இதென்னடா என்று கேட்டுவிட்டாள். அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி பேசினான். கைட்சர்ஃபிங்காம். எடுத்த எடுப்பில் கடலில் இறங்க முடியாதாம். "மொதல்ல தரையில பழகணும்மா. ட்ரெய்னர் கைட்டுன்னு சின்னப் பட்டம் இருக்கு. அதைக் கண்ண மூடிக்கிட்டு ஓட்டத் தெரிஞ்சாதான் தண்ணி." காற்று எங்கே பலமாக இழுக்கும், எங்கே தளரும் என்றெல்லாம் சொன்னான். பாதி புரியவில்லை. ஆனால் அவன் சிரித்துச் சிரித்துப் பேசியது அவளுக்குப் போதுமாக இருந்தது.

இந்த மே மாதம், பள்ளியைப் பூட்டிச் சாவியைத் தலைமையாசிரியர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்த அன்றைக்கு, அந்தப் பேச்சு அவளுக்குள் திரும்பத் திரும்ப ஓடியது. நாமும் அதைப் பழகினால் என்ன? பழகிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னால், அவன் வைத்துவிடவா என்று கேட்கமாட்டான் அல்லவா?

யாரிடமும் கேட்காமல் ஆன்லைனில் கண்ணில் பட்ட ஒன்றை வரவழைத்தாள். பளபளவென்று சிவப்பும் மஞ்சளுமாக இருந்தது. வீட்டுக்குப் பின்னால் வாய்க்காலைத் தாண்டினால் அவர்களுடைய வயல், குத்தகைக்கு விட்டிருந்தது. சம்பா அறுத்து, அதில் தெளித்த உளுந்தையும் எடுத்தாகிவிட்டது. தண்ணீர் வரும்வரை சும்மா கிடக்கிற நிலம், மேலே மின்கம்பி ஒன்றும் போகவில்லை. பட்டத்தை விரித்து ஓடினாள். அது ஒரு பனை உயரம் ஏறி, பக்கவாட்டில் சாய்ந்து, தலைகுப்புற வந்து விழுந்தது. அறுவடை இயந்திரம் விட்டுப்போன தாள்கட்டைகள் வெயிலில் காய்ந்து ஈட்டி மாதிரி நின்றன. தூக்கிப் பார்த்தால் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தெரிந்தது. ஒரு தடவைதான். அதோடு முடிந்தது அதன் ஆயுள்.

அதற்குப் பிறகுதான் விசாரிக்க ஆரம்பித்தாள். ராமநாதபுரம் கடற்கரையில் இந்த விளையாட்டைச் சொல்லித்தருகிற ஓர் இடத்தின் எண் இணையத்தில் கிடைத்தது. போனை எடுத்த பெண் தன் பெயர் ஷமா என்றாள்.

"ட்ரெய்னர் கைட்டா? பிள்ளைக்கா, அக்கா?"

"இல்லம்மா. எனக்குத்தான்."

சிரிப்பாளோ என்று சௌந்தரநாயகி காத்திருந்தாள். ஷமா சிரிக்கவில்லை. "உங்க வெயிட் எவ்வளவுக்கா?" என்றாள்.

"அம்பத்தஞ்சு கிலோ. அது எதுக்கு?"

"பட்டம் எந்த சைஸுன்னு அதை வச்சுத்தான் சொல்லணும். மூணு சதுர மீட்டரு பாக்க அழகா இருக்கும். ஆனா காத்து ஏறுனா உங்களத் தரதரன்னு இழுத்துட்டுப் போயிடும். ரெண்டு போதும். எங்க விடப்போறீங்க, மணல்லயா?"

"வயல்ல. தாள்கட்டை நிக்கிற வயலு. முன்னாடி வாங்குனது அதுலதான் கிழிஞ்சுபோச்சு."

"அப்ப கலரெல்லாம் பாக்காதீங்க. துணியப் பாருங்க. கட்டம் கட்டமா தடிச்ச இழை ஓடுற நைலான் இருக்குல்ல, ரிப்ஸ்டாப்புன்னு சொல்லுவாங்க, அதுதான் வேணும். குத்துனாலும் கிழிசல் அந்தக் கட்டத்தோட நின்னுடும். உள்ள குச்சி எதுவும் இருக்கக் கூடாது. காத்து புகுந்து உப்பி நிக்கிற மாதிரி பை பையா தச்சது. விழுறப்ப முன்விளிம்புதான் மொதல்ல அடிவாங்கும், அங்க இன்னொரு துணி சேத்துத் தச்சிருக்காங்களான்னு பாக்கணும்."

"கயிறு?"

"ரெண்டு கயிறு வச்சது வெல கம்மி. நீங்க தனியாத்தானே விடப்போறீங்க?"

"ஆமா," என்றாள் சௌந்தரநாயகி. "தனியாத்தான்."

"அப்ப மூணு கயிறு உள்ளதை எடுங்க. மூணாவது கயிறு மணிக்கட்டுல மாட்டியிருக்கும். பயந்தா கயித்தைக் கட்டியிருக்கிற கைப்பிடிக் கட்டைய விட்டுடுங்க. பட்டம் உடனே செத்துக் கீழ விழுந்துடும். பக்கத்துல ஆள் தேவையில்ல."

ஷமா இரண்டு பட்டங்களின் படங்களை அனுப்பினாள். ஒன்று நீலமும் வெள்ளையுமாக, மகன் படத்தில் இருந்த பட்டத்தைப் போலவே இருந்தது. இன்னொன்று மங்கிப்போன செங்கல் நிறம், கடையில் வெகுநாளாகக் கிடந்ததாம். சௌந்தரநாயகிக்கு மனசு நீலத்தில்தான் போயிற்று. ஆனாலும் உள்தையலைப் படமெடுத்து அனுப்பச் சொன்னாள். விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். நீலத்தில் ஒற்றைத் தையல், ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது. செங்கல் நிறத்தில் இரட்டைத் தையல், மூலைகளில் எல்லாம் பட்டை வைத்து அடித்திருந்தார்கள். ஒரு ராத்திரி யோசித்துவிட்டு, செங்கல் நிறத்தையே அனுப்பச் சொன்னாள்.

"உங்க பையனும் இது ஆடுறாருன்னு சொன்னீங்களே, அவர்கிட்டயே கேட்டிருக்கலாமே அக்கா?" என்றாள் ஷமா.

"அவன்கிட்ட சொல்றதுக்குத்தாம்மா பழகுறேன்."

பட்டம் வந்தது. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் வாய்க்காலைத் தாண்டிப் போவாள். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று கட்டையை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். முதல் வாரம் முழுக்க விழுந்துகொண்டே இருந்தது. விழும்போதெல்லாம் ஓடிப்போய்த் தடவித் தடவிப் பார்ப்பாள். துணியில் கீறல் விழுந்ததே தவிர கிழியவில்லை. உள்ளே புகுந்த மண்ணை உதறிவிட்டு மறுபடி விரிப்பாள். உள்ளங்கை காய்த்தது. தோள் வலிக்கு ராத்திரி தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தாள்.

ஒருநாள் அது விழவில்லை. தலைக்கு நேர் மேலே ஏறி, அசையாமல் நின்றது. அவள் மெல்ல வலது கையை இழுத்தாள், பட்டம் வலப்பக்கம் சரிந்து இறங்கியது. இறங்கும்போது திடீரென்று ஓர் இழுவை. கால் இரண்டடி முன்னால் போய்விட்டது. இடது கையை இழுத்து மேலே திருப்பினாள். மறுபடி அமைதியாக நின்றது. அந்த இழுவை கையிலிருந்து நெஞ்சுவரை வந்தது. அவளை யாரும் அப்படிக் கையைப் பிடித்து இழுத்து எவ்வளவோ காலமாகிவிட்டது. கண் கலங்கியதை மேல்காற்றில் பறந்த தூசியென்று சொல்லிக்கொண்டாள்.

பூம்புகாரிலிருந்து மொபெட்டில் மீன் கொண்டுவரும் செல்லத்துரை சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு வரப்பில் வந்து நின்றான். "என்னக்கா, மேல என்னமோ பறக்க விட்டு நெலத்த அளக்குறாங்களா? எண்ணெய் எடுக்க வந்துட்டானுங்களா?"

"இல்லப்பா. பட்டம்."

"நீங்களா விடுறீங்க?"

"ஆமாம்."

கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனான். ஊரில் எல்லாரும் அப்படிச் சொல்லவில்லை. ரேஷன் கடை வரிசையில் முன்னால் நின்றவள் இவள் பின்னால் நிற்பது தெரியாமல், "பாவம், அந்தம்மாவுக்கு ஒரு பேச்சுத்துணை இல்ல, அதான் இப்படி ஆயிடுச்சு," என்றாள். சௌந்தரநாயகி சர்க்கரை வாங்காமலேயே திரும்பி வந்துவிட்டாள். அவள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் கோபமாவது வந்திருக்கும்.

பட்டத்தை எட்டு போட வைக்கத் தெரிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, அவன் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள். "தம்பி, நான் ட்ரெய்னர் கைட் வாங்கியிருக்கேன். மூணு கயிறு. எட்டு போடுறேன்டா!"

லைன் போய்விட்டதோ என்று கைப்பேசியைப் பார்த்தாள்.

"எதுக்கும்மா?" என்றான்.

"நீதானே சொன்ன, மொதல்ல தரையில பழகணும்னு."

"நான் அதெல்லாம் விட்டு ரொம்ப நாளாச்சும்மா. வித்துட்டேன் எல்லாத்தையும்."

"ஏன் தம்பி? அடிகிடி பட்டுச்சா?"

"இல்ல. ஒரு பொண்ணோட போயிட்டிருந்தேன். அவதான் கத்துக்கொடுத்தா. இப்ப அவ இல்ல. அதான் போறதில்ல." குரலைத் தாழ்த்தி, "எங்கயுமே போறதில்லம்மா," என்றான். பிறகு அவசரமாக, "வேலை இருக்கு, அப்புறம் பேசுறேன்," என்று வைத்துவிட்டான்.

ஒரு பெண் இருந்திருக்கிறாள். வந்திருக்கிறாள், போயும் இருக்கிறாள். அவன் சிரித்துச் சிரித்துப் பேசிய அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளோ என்னவோ. அதன் பிறகு வந்த எத்தனையோ ஞாயிறுகளில் அங்கே அவன் தனியாகவும் இங்கே இவள் தனியாகவும் வெயிலையும் குளிரையும் பற்றிப் பேசியிருக்கிறார்கள். அன்றைக்குச் சௌந்தரநாயகி அடுப்பு பற்றவைக்கவில்லை. பட்டம் பையிலேயே கிடந்தது.

புதன்கிழமை சாயங்காலம் கைப்பேசி அடித்தது. ஞாயிறு அல்லாத நாளில் அவன் பெயரைப் பார்த்ததும் அவசரமாக எடுத்து, என்னடா ஆச்சு என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. சும்மாதான்." தயங்கினான். "எந்த வயல்ல விடுற?"

"நம்ம வயல்லதான். வாய்க்காலுக்கு அந்தாண்ட."

"கம்பி எதுவும் போகலையே?"

"இல்லடா. பாத்துட்டுதான் விடுறேன்."

"காட்டேன்."

பட்டத்தையும் கைப்பேசியையும் எடுத்துக்கொண்டு ஓடினாள். வீடியோவில் பட்டம் தரையில் கிடப்பதைக் காட்டினாள். முன்விளிம்பைத் தடவிப் பார்த்துச் சொல்லச் சொன்னான், சொன்னாள். "நல்ல பட்டம்தாம்மா. இது தாங்கும்," என்றான். ஆனால் ஓட்டுவதற்கு இரண்டு கையும் வேண்டும், கைப்பேசியை யார் பிடிப்பது? வரப்பில் சாய்த்து வைத்தாள். அது சரிந்து வானத்துக்குப் பதிலாக மண்ணைக் காட்டியது.

"பரவாயில்ல. ஸ்பீக்கர்ல போட்டுட்டு நீ விடு. நான் கேக்குறேன்."

பட்டம் ஏறியது. காற்று சீராக வந்தது, கயிறுகள் இரைந்தன. "மேல போயிடுச்சு தம்பி! இப்ப எடது பக்கம் எறக்குறேன்!" என்று கத்தினாள். அவன் ஏதோ சொன்னது அரைகுறையாகக் கேட்டது. அவள் எட்டு போட்டாள், மறுபடி எட்டு போட்டாள். முதுகுக்குப் பின்னால் வரப்பில் மகன் இருக்கிறான் என்ற நினைப்பிலேயே, திரும்பிப் பார்க்காமல், பேசிக்கொண்டே இருந்தாள். அப்பா போன பிறகு வீட்டில் விளக்கைப் போடவே பிடிக்கவில்லை என்று சொன்னாள். அந்தப் பெண் பெயர் என்ன என்று கேட்டாள். தனியாக எதற்குக் கிடக்கிறாய், கொஞ்ச நாள் இங்கே வந்து இரேன் என்றாள். நேரில் பார்த்து ஒருபோதும் சொல்லியிருக்க மாட்டாள்.

பட்டத்தை இறக்கிவிட்டு வந்து கைப்பேசியை எடுத்தபோது அழைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. பாட்டரி தீர்ந்து திரை இருண்டு கிடந்தது. எப்போது போயிற்று, எதுவரை அவன் கேட்டான் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. வரப்பில் சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பட்டத்தை உதறி மடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் கூப்பிட்டான். "காத்து எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டான். தெற்கே சாய்ந்து வருகிறது என்றாள். அப்படியென்றால் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று சொன்னான். அன்றைக்குக் கேட்டது, கேட்காதது எதையும் அவனும் எடுக்கவில்லை, இவளும் எடுக்கவில்லை. ஆனி பாதியில் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, குத்தகைக்காரர் டிராக்டரை வயலில் இறக்கினார். இனி பூம்புகார் மணலுக்குத்தான் போக வேண்டும். போகிற பஸ்ஸில் அவ்வளவு பெரிய பையை ஏற்றவிடுவார்களா என்று அவள் மகனிடம் கேட்டாள்.

"கண்டக்டர்கிட்ட கேட்டுப் பாரும்மா," என்றான் அவன்.

பள்ளி இல்லாத அடுத்த சனிக்கிழமை காலை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாள்.