இரண்டாவது தாள்

"இந்தத் தாள் உங்க வீட்டுல யார் கைக்காவது கிடைச்சா நம்புவாங்களாம்மா?"

டாக்டர் பட்டாபிராமன் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் கதவோரம் பிரிண்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டாம் வருஷ மாணவர்கள் நாற்பது பேரும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள்.

தாம்பரத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை. கம்ப்யூட்டர் அறையைத் திறப்பது, செருப்பை வெளியே விடச் சொல்வது, ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்குவது, பிரிண்டரில் தாள் வைப்பது. ஒன்பதாவதோடு நின்றுவிட்ட எனக்கு அதுவே பெரிய வேலை. செருப்பை விடச் சொல்வதற்குக் கூட எனக்குக் குரல் வராது. ஒரு அட்டையில் எழுதி ஒட்டிவிட்டேன்.

வியாழக்கிழமைதோறும் டாக்டர் சார் வகுப்பு. இன்டர்நெட்டில் வைத்திய சமாசாரத்தை எப்படித் தேடுவது, கிடைத்ததில் எதை நம்புவது என்று சொல்லிக்கொடுப்பார். அது சிக்குன்குனியா வந்த வருஷம். ஊரெல்லாம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டியது. அதையே தேடச் சொன்னார். எல்லாரும் முதலில் வந்த பக்கத்தைத் திறந்து அதிலிருந்தே எழுதிக்கொடுத்தார்கள். அது ஒரு மாத்திரைக் கம்பெனியின் விளம்பரம்.

"முதல்ல வந்தவன் எல்லாம் நல்லவனாடா? யார் எழுதினதுன்னு பாரு. எந்த வருஷம் எழுதினான்னு பாரு. கடைசியில எதையாவது விக்கிறானா, அதையும் பாரு. அப்புறம் படி" என்பார். நான் தாளை அடுக்கிக்கொண்டே கேட்பேன்.

அன்றைக்கு அவர் கொடுத்த பயிற்சி வேறு மாதிரி. இன்டர்நெட்டில் இருக்கிற மாதிரியே ஒரு பொய்ப் பக்கத்தை அவரே தமிழில் தயார் செய்திருந்தார். நாளைக்கு நோயாளிகள் தமிழில்தான் எடுத்துக்கொண்டு வருவார்கள் என்றார். "சர்க்கரைக்கு இனி ஊசி வேண்டாம்! இருபத்தொரே நாள்!" என்று தலைப்பு. வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் படம். இன்சுலினை நிறுத்திவிட்டு மூன்று வேளை கொய்யா இலைத் தண்ணீர் குடித்தால் போதும், பிறகு எந்த இனிப்பும் சாப்பிடலாம் என்று இருந்தது. குரோம்பேட்டை காந்திமதி என்று இல்லாத ஒருத்தி தனக்குக் குணமானதாகச் சொல்லியிருந்தாள். கீழே பெரிய எழுத்தில் ஒரு வரி: "முதல் சில நாள் வாந்தியும் அசதியும் வரும். பயப்படாதீர்கள். அது நஞ்சு வெளியேறுவது."

"இந்தப் பக்கத்திலேயே மோசமான வரி இதுதான்" என்று சார் அதைத் தட்டிக் காட்டினார். "ஆபத்தையே நல்ல அடையாளம்னு சொல்லிட்டான் பாருங்க. படிச்சவன் ஆஸ்பத்திரிக்கே வர மாட்டான்." அந்த வரியை எழுதியதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

அப்புறம்தான் என்னிடம் கேட்டார்.

எங்கள் வீட்டை நினைத்துப் பார்த்தேன். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களை ஒன்றும் தெரியாதவர்கள் என்று அவர்கள் நினைப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

"நம்ப மாட்டாங்க சார்" என்றேன்.

ஹேமநாத் என்கிற பையன் மேஜையைத் தட்டினான். "சார், அக்காவே நம்பல. உங்களுக்குப் பொய் சொல்ல வரல சார், இன்னும் ட்ரெய்னிங் வேணும்!"

"அவங்க மூணு மாசமா நின்னுக்கிட்டே என் கிளாஸைக் கேட்கிறாங்கடா. உனக்கு முன்னாடி அவங்க பாஸ் பண்ணிடுவாங்க, போ" என்றார் சார்.

சாயங்காலம் ரயிலில் பல்லாவரம் வரும்வரை அதையே நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பயிற்சிக்கு இரண்டு தாள். முதல் தாளில் அந்தப் பக்கம். இரண்டாவது தாளில், "இதிலுள்ள அனைத்தும் மாணவர் பயிற்சிக்காக எழுதப்பட்ட பொய். பிழைகளைக் கண்டுபிடிக்கவும்" என்று போட்டு, கீழே கேள்விகள். வகுப்பு முடிந்தால் பாதிப் பேர் தாளை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். ஒரு பக்கம் அச்சடித்த தாளை எடுத்துக்கொள்ள எனக்கு அனுமதி உண்டு. மறுபக்கம் வெறுமையாக இருக்கும். இருபது இருபதாக அடுக்கி, நடுவில் ஊசி நூலால் தைத்தால் ஒரு நோட்டு. அதில் எதையாவது எழுதுவேன். வீட்டில் யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். பழைய துணி மூட்டைக்கு அடியில் வைத்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை அப்படித்தான் இரண்டு நோட்டுத் தைத்தேன். எந்தத் தாள் எதற்குப் பின்னால் என்று நான் பார்ப்பதில்லை. எழுதுகிற பக்கத்தைத்தான் பார்ப்பேன்.

எங்கள் வீடு பொழிச்சலூரில், விமான நிலையத்துக்குப் பின்னால். அப்பா சவுரிமுத்து பம்மலில் தோல் கம்பெனியில் மூட்டை தூக்குகிறார். அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். தங்கை ஜாஸ்மின் பத்தாவது. அவளுக்குப் பதினொரு வயதில் சர்க்கரை வந்தது. பெரியவர்களுக்கு வருகிற மாதிரி இல்லை, ஊசி இல்லாவிட்டால் உயிரே தங்காத சர்க்கரை. மாதாமாதம் அரசு ஆஸ்பத்திரிக்கு யாராவது கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நிற்க வேண்டும். அதற்காகத்தான் நான் படிப்பை நிறுத்தினேன். பள்ளிக்கூடத்தை விட்டதில் எனக்குப் பெரிய வருத்தம் இருந்ததில்லை. வகுப்பில் யாரும் என் குரலைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

எனக்கும் சேர்த்து ஜாஸ்மின் பேசினாள். தலைக்கு மேல் விமானம் போனால் நாங்கள் எல்லாம் பேச்சை நிறுத்திவிடுவோம். அவள் அதைவிட உரக்கக் கத்திப் பேசுவாள். ஃப்ரிட்ஜ் இல்லாததால் இன்சுலின் புட்டியை மண்பானைத் தண்ணீரில் மிதக்கவிட்டிருப்போம். நான்தான் ஊசி போட்டுவந்தேன். வேலைக்குச் சேர்ந்து காலை ஏழு மணிக்குக் கிளம்ப ஆரம்பித்த பிறகு அவளே போட்டுக்கொண்டாள். தொடையெல்லாம் புள்ளி புள்ளியாகக் கன்றிப்போயிருக்கும்.

"இன்னாக்கா இது, சல்லடை மாதிரி கீது. என்னைய வெச்சு மாவு சலிக்கலாம்" என்பாள்.

கிறிஸ்துமஸ் வந்தால்தான் அழுவாள். மற்ற நாள் எல்லாம் இனிப்பு இல்லாமல் இருந்துவிடுவாள். அன்றைக்கு மட்டும் பக்கத்து வீட்டுத் தட்டெல்லாம் எங்கள் வீட்டுக்கு வரும். போன வருஷம் கேக்கை மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

டிசம்பர் நாலாம் தேதி திங்கட்கிழமை காலை, காலண்டரில் ஒரு கோடு போட்டிருந்தாள். "இன்னாடி இது?" என்றேன். "அரைப்பரீட்சைக்குக் கணக்கு" என்றாள். செவ்வாய்க்கிழமை குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். புதன்கிழமை அவள் பக்கம் போனபோது கொய்யா இலை வாசனை அடித்தது. பல் வலிக்குப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கினாளாம். வாந்தியெடுத்தாளா என்று அம்மா கேட்டதற்கு இல்லை என்று சிரித்தாள். பின்பக்கம் போய் வாயைக் கழுவிக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன். புளிச்சாதம் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்தேன். கொய்யா இலையும் வாந்தியும். கம்ப்யூட்டர் அறையில் அதே தாளைத் தடவித் தடவி அடுக்கியவள் நான். எனக்குத் தோன்றவில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள் என்று நானே சொல்லியிருந்தேன்.

வியாழக்கிழமை நான் வேலையிலிருந்து வந்தபோது அவள் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தாள். ஓடி வந்தவள் மாதிரி மூச்சு. ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

"இன்சுலின் எப்போ நிறுத்தினீங்க?" என்று அந்த டாக்டரம்மா கேட்டார்.

"நிறுத்தலம்மா, மாதா மேல சத்தியமா நிறுத்தல. டெய்லி அவளே போட்டுக்குவா" என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஜாஸ்மினை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்தாள். "அக்கா, ஊசி போட வேணாம்னு சொல்லு. நாலு நாள் ஆயிடுச்சி. இன்னும் பதினேழுதான்" என்றாள். நாலும் பதினேழும் இருபத்தொன்று. எனக்கு அப்போதுதான் புரிந்தது. கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து வந்து துணி மூட்டையைப் புரட்டினேன். ஒரு நோட்டின் தையல் பிரித்து மறுபடி கட்டப்பட்டிருந்தது. நான் இரட்டை முடிச்சுப் போடுவேன், இது ஒற்றை. நடுவில் ஒரு தாளைக் காணோம். இன்னொரு நோட்டில், ஜாஸ்மின் வாய் ஓயாமல் கத்துகிறாள், விமானமே தேவலை என்று நான் எழுதியிருந்ததற்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக, "நான் அவ்ளோ கத்துறனாக்கா? போ, உன்கூட பேச மாட்டேன். ஆனா நல்லா எழுதிக்கீற" என்று இருந்தது. எத்தனை நாளாகப் படித்துக்கொண்டிருந்தாளோ. படித்ததைச் சொன்னால் நான் கோபித்துக்கொள்வேன் என்றுதான் அவள் என்னிடம் அந்தத் தாளைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும்.

அந்தப் பக்கத்தைத் திருப்பினேன். பின்னால் இருந்தது இரண்டாவது தாள். "இதிலுள்ள அனைத்தும் பொய்." அவள் பென்சிலால் எழுதும்போது அது அவள் விரலுக்கு அடியிலேயே இருந்திருக்கிறது.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அந்தத் தாளை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் நான் என்று எப்படிச் சொல்வது? ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஜாஸ்மின் ஜியாமெட்ரி பாக்ஸில் அம்மா அதைக் கண்டுபிடித்துவிட்டாள். எட்டாக மடித்திருந்தது. அப்பா படித்துக் காட்டினார். மறுபக்கம் வெறுமையாக இருந்தது. நான் இன்னும் எழுதாத பக்கம். அதனால் அது எங்கிருந்து வந்ததென்று அவர்களுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து அம்மா அதை ஜாக்கெட்டில் செருகிக்கொண்டு திரிந்தாள். பாத்திரம் தேய்க்கிற வீடுகளில், கோயிலில், ரேஷன் கடையில் எல்லாம் காட்டி, "இத யாரு எழுதினதுன்னு தெரியுமா?" என்று கேட்டாள்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டர் பட்டாபிராமன் எங்கள் வீடு தேடி வந்தார். நான் வேலைக்குப் போகாததைக் கேட்டு, தங்கை செத்துப்போனது தெரிந்து வந்திருந்தார். என்ன வியாதி என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஷூவை வாசலில் கழற்றினார். அம்மா பிளாஸ்டிக் நாற்காலியைப் புடவைத் தலைப்பால் துடைத்துப் போட்டாள்.

"இவ்ளோ பெரிய டாக்டரு எங்க வூட்டுக்கு வந்துகீறாரு. உக்காருங்க சார்" என்றாள்.

அவர் ஜாஸ்மின் போட்டோவைப் பார்த்தார். "எவ்வளவு சின்னப் பொண்ணு. என்னம்மா ஆச்சு?" என்று என்னிடம் கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"சக்கரை சார். ஊசிய நிறுத்திட்டா. எங்களுக்குத் தெரியாம காவாயில பீச்சிவுட்டுட்டு போட்டுக்கிட்டேன்னு சொல்லிக்கினா. இந்தக் காயிதத்தப் படிச்சிட்டு." அம்மா ஜாக்கெட்டிலிருந்து எடுத்துப் பிரித்து அவர் கையில் கொடுத்தாள். வியர்வையில் அந்த வெள்ளைக் கோட்டுக்காரர் முகம் அழிந்துபோயிருந்தது.

அவர் தாளைப் பார்த்தார். கடைசி வரியில் அவர் கண் நின்றது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். துணி மூட்டை எனக்குப் பின்னால்தான் இருந்தது. இரண்டாவது தாளும் அதற்குள்தான் இருந்தது.

"நீங்க படிச்சவரு. கம்ப்யூட்டர்ல பாத்து சொல்லுவீங்களே சார்" என்று அம்மா தரையில் உட்கார்ந்தாள். "இத யாரு எழுதினது?"

தலைக்கு மேல் விமானம் ஒன்று இறங்கியது. கூரைத் தகடு அதிர்ந்தது. அம்மா அது போகும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். போன பிறகு மறுபடி கேட்டாள்.

"அவனைத் திட்டக்கூட மாட்டேன் சார். என் பொண்ணு போட்டோவ காட்டிட்டு வந்துடுவேன். யாரு சார் எழுதினது?"

அவர் எழுந்தார். தாளை மடித்தார், அது இருந்த மடிப்பிலேயே, எட்டாக. அம்மா கையில் வைத்து அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டார். அப்பா டீ வாங்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். டாக்டர் சார் அவரைத் தாண்டி இறங்கினார். ஷூவுக்குள் காலை முழுசாக விடாமல், பின்பக்கத்தை மிதித்துக்கொண்டே தெருமுனை வரை நடந்து போய்விட்டார்.