ஒரு சொட்டு ஆயில்

என் வீட்டுக்காரர் முருகவேல் எதையும் முடியாது என்று சொல்ல மாட்டார். "கார் ஓட்டாதே" என்று அவர் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. "இன்ஜின்ல ஆயில் லீக்கு இருக்குது மணி, வழியில நின்னுடுச்சுன்னா நீ என்ன பண்ணுவே?" என்றுதான் கேட்பார். அவர் ஓட்டும்போது மட்டும் நிற்காதாம். ஞாயிற்றுக்கிழமையானால் ரமணாசிரமம் பக்கம் போய் வெள்ளைக்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, ஒரு சொட்டும் வியர்க்காமல் வேங்கிக்காலுக்குத் திரும்பி வருவார்.

பழைய கார்தான். சின்னது, வெள்ளை. என் இரண்டு வளையல் அதற்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு லைசென்சும் இருக்கிறது. பீரோவில், என் பட்டுப்புடவைக்கு அடியில், இரண்டும் வெளியே வராமல் கிடந்தன.

பத்து வருஷம் டவுனில் தற்காலிக மருந்தாளுநராக மாத்திரை எண்ணிக் கொடுத்தேன். போன வாரம் நிரந்தர வேலைக்கு ஆர்டர் வந்தது. செங்கம் தாண்டி ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குச் சேர வேண்டும். அன்றைக்கு மட்டுமில்லை, தினமும் எட்டு மணி. அந்த ஊருக்குள் முதல் பஸ் நுழைவதே ஒன்பதே காலுக்கு. ஸ்கூட்டியில் போகலாமே என்பீர்கள். போக நாற்பது கிலோமீட்டர், வர நாற்பது, லாரிகளுக்கு நடுவில். முதுகு உங்களுடையதா? கார் இருந்தால் வேலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது நேராகவே கேட்டேன். கையில் ஈரத் துண்டோடு அவர் மலைப் பக்கம் திரும்பினார்.

"அந்த மலை சாட்சியா சொல்றேன். திங்கக்கிழமை காலைல காருக்கு அடியில ஒரு சொட்டு ஆயில் இல்லன்னா சாவி உன் கையில."

"ஒரு சொட்டு இருந்தா?"

"ஆர்டரைத் திருப்பிக் குடுத்துடு."

இந்த ஊரில் மலையைக் காட்டிச் சொன்ன வார்த்தையை மாற்ற முடியாது. வெந்நீர் இருபத்துநாலு மணி நேரமும் வரும் என்று லாட்ஜுக்காரர்கள் மலையைக் காட்டிச் சொல்வதை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

சனிக்கிழமை காலை மெக்கானிக் குமரேசனுக்குப் போன் போட்டேன். அவன் ஒரு கல்யாணத்துக்காக வேலூர் போயிருந்தான். பின்னால் மேளச் சத்தம் கேட்டது.

"அக்கா, கீழ ஒழுவுற எடத்த பாக்காதீங்க. இன்ஜின நல்லா தொடச்சிட்டு, மேல பவுடரத் தூவி, அஞ்சு நிமிஷம் ஓட வுடுங்க. ஈரம் எங்க ஆரம்பிக்குதோ அங்கதான் கோளாறு. பெல்ட் பக்கம் மட்டும் கைய வெச்சிடாதீங்க. ஐயோ, தாலி கட்டறாங்க, வெச்சிடறேன்."

பழைய நைட்டியைக் கிழித்து, மண்ணெண்ணெயில் நனைத்து, இன்ஜினைத் துடைத்தேன். இரண்டு வருஷ அழுக்கு. குழந்தையைக் குளிப்பாட்டினால்கூட இவ்வளவு நேரம் ஆகாது. துடைத்து முடித்த பிறகுதான் வீட்டில் பவுடர் தீர்ந்துபோனது தெரிந்தது. ஆனால் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் நம் வீட்டில் குளித்து, நம் வீட்டில் சாப்பிட்டு, பதிலுக்கு ஒரு விபூதிப் பொட்டலம் வைத்துவிட்டுப் போவார்கள். பூஜை அலமாரியில் ஒரு டப்பா நிறைய இருந்தது. அண்ணாமலையார் உடம்பெல்லாம் பூசிக்கொள்கிறவர். இன்ஜினுக்குக் கொஞ்சம் பூசினால் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று தோன்றியது. தாராளமாகவே தூவினேன்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் வெளியே வந்தார். பானட் திறந்திருக்கிறது, இன்ஜின் பழுத்த சிவப்பழமாக இருக்கிறது. சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சூடம் எங்க?" என்றார்.

"ஆயில் எங்கேருந்து வருதுன்னு பாக்கறேங்க. தள்ளுங்க."

ஐந்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தினேன். வெள்ளை விபூதிக்கு நடுவில் கறுப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது. விரலால் அதன் வழியே மேலே போனேன். ஆயில் ஊற்றுகிற மூடிக்கு அடியில் போய் நின்றது.

சூடு ஆறியதும் மூடியைத் திருகிக் கழற்றினேன். உள்ளே ரப்பர் வளையத்தின் மேல் மஞ்சளாக, பொருக்குத் தட்டி, ஏதோ காய்ந்திருந்தது. இருமல் மருந்து பாட்டிலில் நான் தினமும் பார்ப்பதுதான். கழுத்தில் சர்க்கரை காய்ந்து நின்றால் எவ்வளவு இறுக்கி மூடினாலும் ஒழுகும். நகத்தால் சுரண்டி முகர்ந்தேன். சந்தனம்!

"ஆயுத பூஜைக்கு இந்த மூடியத் தொறந்தீங்களா?"

அவர் மலையைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், என்னை மட்டும் பார்க்கவில்லை.

"சக்கரத்துக்கு வெச்சேன், ஸ்டீரிங்குக்கு வெச்சேன். வாய்க்கு வெக்க வேணாமா? அதுதான வண்டிய காப்பாத்துது."

அதுதான் வண்டியை ஒழுகவிட்டது என்று சொன்னால் சாமி குத்தமாகிவிடும். பழைய டூத் பிரஷ்ஷால் மூடியைத் தேய்த்தேன். ரப்பர் வளையம் விறைத்துப்போயிருந்தது. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் மூடியையே காட்டிப் புது வளையம் வாங்கினேன். கடைக்காரர் "சார் வரலியா?" என்று இரண்டு தடவை கேட்டார். சார் வீட்டில் டி.வி. பார்க்கிறார் என்றேன். குறைந்திருந்த அளவுக்குப் புது ஆயில் ஊற்றி, புது வளையத்தோடு மூடியைத் திருகி, விபூதியை ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, காருக்கு அடியில் ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஆசிரமம் பக்கம் போய்க் காபி குடித்துவிட்டு வந்து நிறுத்திய பிறகும் அட்டை காய்ந்தே கிடந்தது. நான் மணிக்கு ஒரு தடவை குனிந்து பார்த்தேன். அவர் இரண்டு தடவை பார்த்தார். எனக்குத் தெரியாமல் பார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் புடவைக்கு இஸ்திரி போட்டேன். பாட்டுகூட வந்தது.

திங்கள் காலை ஐந்து மணிக்கு வாசல் தெளிக்கும்போது பார்த்தேன். சுத்தம். குளித்து, புடவை கட்டி, ஆர்டரைப் பையில் வைத்துக்கொண்டு ஆறேகாலுக்கு வெளியே வந்தால் அட்டையின் மேல் மூன்று சொட்டு.

பக்கத்தில் அவர் நின்றிருந்தார். முகத்தில் துக்கம் விசாரிக்க வந்த களை.

"நான் என்ன பண்ணட்டும் மணி? மலை சாட்சியா சொல்லிட்டனே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நன்றாகவே அழுதேன். பத்து வருஷம் மாத்திரை எண்ணியது, லைசென்ஸ் எடுத்தது, நைட்டியைக் கிழித்தது எல்லாம் இந்த மூன்று சொட்டுக்குத்தானா? புடவை அழுக்கானால் ஆகட்டும் என்று தரையில் உட்கார்ந்து, அந்தச் சொட்டை விரலால் தொட்டுத் தேய்த்தேன். புது ஆயில் போல நல்ல தேன் நிறம். மூக்குக்குக் கொண்டுபோனேன்.

நல்லெண்ணெய்.

நம்பாமல் மறுபடி முகர்ந்தேன். தினமும் இட்லிப் பொடிக்கு ஊற்றுகிற எண்ணெயை எந்த மூக்கு மறக்கும்? நிமிர்ந்து பார்த்தேன். அவர் லுங்கியில் இடுப்புப் பக்கம் விரல் துடைத்த கறை, பளபளவென்று.

"நீங்க சத்தியம் பண்ணது ஆயிலுக்கு. இது எண்ணெய்."

"ரெண்டும் ஒண்ணுதான?"

"அப்ப நாளைக்கு இட்லிப் பொடிக்கு இன்ஜின் ஆயில ஊத்தறேன். சாப்புடுங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பொண்டாட்டி குளிக்கிற நேரம் பார்த்து, அடுப்படியில் புகுந்து, எண்ணெய்த் தூக்கோடு காருக்கு அடியில் தவழ்ந்திருக்கிறார், நாற்பத்திரண்டு வயது மனுஷன்.

"எங்கயாவது இடிச்சிடுவேன்னு பயமா? அத சொல்ல வேண்டியதுதானே? எதுக்கு இந்தத் திருட்டுத்தனம்?"

"அந்த பயம் இல்ல."

"பின்ன?"

அவர் காரின் கூரையில் இல்லாத தூசியைக் கையால் தட்டினார்.

"இடிக்காம போயிட்டு வந்துட்டீன்னா? தெனமும் நீயே போயிட்டு நீயே வந்துட்டீன்னா?" தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்புறம் நான் எதுக்கு?"

பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவேயில்லை. ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. மணி ஆறரை. இரண்டுக்கும் நேரமில்லை.

கையை நீட்டினேன். கொஞ்ச நேரம் கழித்துச் சாவி வந்தது, எண்ணெய்ப் பிசுக்கோடு. முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே ஏறி, சீட்டை முன்னால் இழுத்தேன். அவர் காலுக்கு வைத்த சீட்டு, எனக்குப் பிரேக்கே எட்டவில்லை.

"நீங்க எதுக்குன்னு சாயங்காலம் வந்து யோசிச்சுச் சொல்றேன்," என்றேன். "இப்ப கேட்டைத் தொறங்க."

திறந்தார்.