உடன் நின்றவர்

மாமா காரின் ஆரஞ்சு நிறப் பிளக்கைப் பிடுங்கித் தன் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார். சாவியைப் பேண்ட் பைக்குள் இறக்கினார். சுவரில் இருந்த கடிகாரத்தில் பத்து நிமிடத்தை முடுக்கிவிட்டார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் இருந்த தீயணைப்பு உருளையைப் பார்த்தபடி நின்றார். நானும் கையில் கொக்கியோடு நின்றேன். இனிப் பத்து நிமிடத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரு வேலையும் செய்யக்கூடாது. அதுதான் வேலை.

சொன்னால் சிரிப்பீர்கள். எலக்ட்ரிக் கார் பழுது பார்க்கிற பட்டறை இது. காரை அணைத்துவிட்டு, சின்ன பேட்டரியைக் கழற்றிவிட்டு, பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே தேங்கிய மின்சாரம் உடனே போய்விடாது. மெல்ல வடிய வேண்டும். அதற்குத்தான் பத்து நிமிடம். அதற்குப் பிறகு மீட்டரை வைத்துப் பார்த்து, பூஜ்யம் என்று காட்டினால்தான் கையுறையைக் கழற்றலாம். இத்தனைக்கும் மேல், மாமா தனியாக இருக்கக்கூடாது. மஞ்சள் கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே இன்னொருவர் நிற்க வேண்டும். அவர் கையில் மின்சாரம் பாயாத ஆளுயரக் கொக்கி. உள்ளே இருப்பவரை மின்சாரம் பிடித்துக்கொண்டால் ஓடிப்போய்த் தொடக்கூடாது, இடுப்பில் கொக்கியை மாட்டி இழுக்க வேண்டும். அந்த இன்னொருவர் நான். படிவத்தில் என் இடத்துக்கு 'உடன் நின்றவர்' என்று பெயர். நாலு வருஷமாக நிற்கிறேன். ஒரு ஈயைக்கூட இழுத்ததில்லை.

மாமா என் அக்காவின் கணவர். பட்டறையில் அவருக்கு சைலன்சர் என்று பெயர். சைலன்சரே இல்லாத வண்டிகளைப் பழுது பார்க்கிற இடத்தில் இப்படி ஒரு பெயர். வைத்தவன் புண்ணியவான். மனுஷன் பேசவே மாட்டார். கல்யாணமான புதிதில் அக்கா, "ஒரு நாளைக்கு இருபது வார்த்தைடா, எண்ணிட்டேன்" என்று சிரிப்பாள். இப்போது அவள் சிரிப்பதில்லை. பத்து நாளுக்கு முன்னால் ஒரு பையில் துணியை அடைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு, அதாவது என் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் திரும்பப் போகவில்லை.

ஏன் வந்தாய் என்று கேட்டால், "போய் அவரைக் கேளு" என்கிறாள். இவரைக் கேட்டால் ஊமைக்கோட்டான் மாதிரி நிற்கிறார். அம்மா என்னைக் கேட்கிறாள். நான் யாரைக் கேட்பது? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கிறது எனக்கு. போதாக்குறைக்குத் தினம் சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும்போதே அக்கா வந்து நின்று ஒரு கேள்வி கேட்பாள். "இன்னைக்கு அவர் பக்கத்துல யாரு நின்னா?" சாப்பிட்டாரா, இளைத்துவிட்டாரா என்று கேட்டால் நியாயம். இது என்ன கேள்வி? "நான்தான், வேற யாரு நிப்பா" என்பேன். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்ப்பாள். எதற்கோ காத்திருக்கிற மாதிரி இருக்கும். அப்புறம் உள்ளே போய்விடுவாள். இன்று காலை மட்டும் கூடுதலாக ஒன்று சொன்னாள். "இந்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அதுக்கப்புறம் வேற ஊருல வேலை தேடிக்கிட்டுப் போயிடுவேன். உங்க ரெண்டு பேர் சங்காத்தமும் வேணாம்."

ரெண்டு பேரா? நான் என்ன செய்தேன்?

கடிகாரத்தில் ஆறு நிமிடம் பாக்கி இருந்தது. கேட்டுவிட்டேன். "மாமா, அக்கா ஞாயித்துக்கிழமையோட முடிச்சுக்கலாம்ங்கற மாதிரி பேசுது. என்னதான் நடந்துச்சு? எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல."

மாமா தீயணைப்பு உருளையிடமிருந்து கண்ணை எடுத்தார். "உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா ஏன் மாமா கேக்கறேன்?"

"உன்கிட்ட அவ சொல்லலையா?"

"உங்களைக் கேக்கச் சொல்றா!"

அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது. "நீ நடிக்காத" என்றார். அவ்வளவுதான். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கையிலிருந்த கொக்கியை வீசி எறிந்திருப்பேன். எறியவும் முடியாது, அதைப் பிடித்துக்கொண்டு நிற்கத்தான் சம்பளம். என் வீட்டில் என் அக்கா அழுதுகொண்டிருக்கிறாள், நான் நடிக்கிறேனாம். பாக்கி நிமிடங்களை இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக் கழித்தோம்.

கடிகாரம் கூவியது. மாமா குனிந்து மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்துப் பார்த்தார். "பூஜ்யம்" என்றார். ஒருமுறை இடம் மாற்றி வைத்தார். "பூஜ்யம்." மீட்டரைக் கீழே வைத்துவிட்டுக் கையுறைகளைக் கழற்ற ஆரம்பித்தார். முதலில் மேலே போடும் தோல் உறை, அப்புறம் ரப்பர். நான் படிவத்தில் டிக் போடக் குனிந்தேன்.

டிக் ஏற்கெனவே இருந்தது. எல்லாக் கட்டத்திலும் இருந்தது. காலையில் பேனா கிடைத்தபோதே மேலிருந்து கீழே வரை மடமடவென்று போட்டிருக்கிறேன். மூன்றாவது கட்டத்தில், 'மீட்டரை முதலில் சின்ன பேட்டரியில் வைத்துச் சரிபார்த்தாயிற்று.' அது என் வேலை. மீட்டர் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துத்தான் மாமா கையில் கொடுக்க வேண்டும். பார்த்தேனா? நேற்றுப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. முந்தாநாள் பார்த்ததும் ஞாபகம் இருக்கிறது. பேட்டரி, இரண்டு முனை, பன்னிரண்டு சொச்சம் என்கிற எண், எல்லாம் கண்ணுக்கு முன்னால் வருகிறது. அது இன்றைக்குப் பார்த்ததா? அக்கா ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னது, நான் பஸ்ஸைத் தவறவிட்டது, வந்ததும் வராததுமாக மீட்டரை எடுத்து நீட்டியது. நடுவில் பேட்டரி இருந்ததா?

மாமாவின் வெறுங்கை உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"மாமா, நில்லுங்க! தொடாதீங்க!"

நான் கத்திய கத்தலில் அவர் தலையை இடித்துக்கொண்டார். "என்னடா?"

"மீட்டரைப் பார்த்தேனான்னு தெரியல."

"டிக் போட்டிருக்கியே."

"போட்டிருக்கேன். பார்த்தேனான்னுதான் தெரியல."

பைத்தியக்காரனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். ஆனால் கையை வெளியே எடுத்துவிட்டார். கழற்றி வைத்திருந்த சின்ன பேட்டரியில் மீட்டரை வைத்தார். பூஜ்யம். அழுத்தி வைத்தார். பூஜ்யம். நல்ல பேட்டரி, புதுசு. மீட்டரின் கறுப்பு வயரை முனையோடு சேருகிற இடத்தில் மடக்கியதும் பன்னிரண்டு என்று ஒரு கணம் மின்னி அணைந்தது. வயர் உள்ளுக்குள்ளேயே அறுந்திருக்கிறது. இந்த மீட்டரை இடி விழுகிற இடத்தில் வைத்தாலும் பூஜ்யம் என்றுதான் சொல்லும்.

மாமா மறுபடி ரப்பர் உறையை மாட்டினார். விரல்கள் சரியாக நுழையவில்லை, இரண்டு தடவை மாட்டினார். அலமாரியிலிருந்த இன்னொரு மீட்டரைக் கொண்டுவந்து கொடுத்தேன். இந்தத் தடவை அவர் கண் முன்னாலேயே பேட்டரியில் வைத்துக் காட்டிவிட்டுக் கொடுத்தேன். அவர் முனைகளைக் கிளிப்பால் மாட்டினார்.

நூற்று நாற்பத்தொன்று வோல்ட்.

பத்து நிமிடத்தில் வடிந்திருக்க வேண்டியது வடியவில்லை. உள்ளே வடியவைக்கிற பகுதியும் கெட்டிருக்கிறது போல. சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது. நூற்று நாற்பது. இரண்டு மூச்சு விடும் நேரம். நூற்று முப்பத்தொன்பது. பழைய மீட்டரும் பொய், என் டிக்கும் பொய். இரண்டையும் நம்பி அந்த மனுஷன் வெறுங்கையை நீட்டினார்.

மாமா கயிற்றைத் தாண்டி வெளியே வந்து தரையிலேயே உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நான் கேட்காமலே பேசினார். நாலு வருஷத்தில் அவர் தொடர்ந்து இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"போன மாசமும் ஒருதரம் அடிச்சுது. பெருசா இல்ல, கை மரத்துப்போச்சு. வெள்ளை வண்டி. அவசரம்னாங்க, பத்து நிமிஷம் நிக்கல நான். நீ அன்னைக்கு லீவு."

"அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன அன்னைக்கா?"

"அன்னைக்குத்தான். வீட்டுல தண்ணி டம்ளரைப் பிடிக்க முடியல, கீழ விட்டுட்டேன். அவ கண்டுபிடிச்சுட்டா. பக்கத்துல யாருன்னு கேட்டா. பயந்துருவாளேன்னு நீ இருந்தன்னு சொன்னேன். நம்பல. மறுநாள் படிவத்தைப் போட்டோ எடுத்துக் காட்டினேன். உன் கையெழுத்து இருந்துச்சு."

இருந்தது. இருக்கத்தான் செய்யும். மறுநாள் காலையில் ஒரு கையில் டீயோடு நான் வந்தபோது அந்தக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. மாமா ஒன்றும் சொல்லாமல் பேனாவைப் படிவத்தின் மேல் வைத்துவிட்டுப் போனார். நானும் ஒன்றும் கேட்காமல் ஒரு கிறுக்குக் கிறுக்கினேன். டீ ஆறுவதற்குள் மறந்தும் போனேன். ஆனால் அன்றைக்கு அந்த நேரத்தில் அம்மாவும் நானும் ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்தது அக்காவுக்குத் தெரியும். டோக்கன் வாங்கிக் கொடுத்ததே அவள்தான்.

கட்டின புருஷனும் கூடப்பிறந்தவனும் சேர்ந்துகொண்டு ஏமாற்றுகிறார்கள் என்று அவள் நினைத்திருக்கிறாள். நினைப்பென்ன, அதுதானே நடந்திருக்கிறது. பத்து நாளாகத் தினமும் என் முகத்துக்கு நேரே வந்து நின்று, நானாகச் சொல்வேனா என்று பார்த்திருக்கிறாள். நானோ தினமும் 'நான்தான், வேற யாரு' என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிற மாதிரி சொல்லியிருக்கிறேன். எனக்கு அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது. அதோடு, என்னை ஒரு அறை விட்டு நேராகக் கேட்டிருக்கக் கூடாதா என்று அவள் மேல் கோபமும் வந்தது. எது முதலில் என்று பிரிக்கத் தெரியவில்லை.

"நான் வர்ற வரைக்கும் கயித்தைத் தாண்டி உள்ள போகக்கூடாது" என்றேன். மாமாவை நான் அதட்டியது அதுதான் முதல் தடவை. தலையாட்டினார். வெளியறைக்குப் போய், இழுப்பறையிலிருந்து என் போனை எடுத்து வந்தேன். அக்காவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, இருவருக்கும் நடுவில் ரப்பர் விரிப்பின் மேல் வைத்தேன்.

"என்னடா இந்த நேரத்துல? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலக்கா. அன்னைக்கு நான் நிக்கல. மறுநாள்தான் கையெழுத்துப் போட்டேன். இன்னைக்கும்..." படிவத்தைப் பார்த்தேன். "இன்னைக்கும் பார்க்காமலே டிக் போட்டுட்டேன். மாமா கையை வைக்கப் போனாரு. ஆகல. ஒண்ணும் ஆகல."

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்று மேடையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. "அவர் எங்க?" என்றாள்.

"இங்கதான் இருக்காரு."

மாமா போனைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அந்த வாயிலிருந்து ஒரு மன்னிப்போ, வீட்டுக்கு வா என்ற வார்த்தையோ வரவேண்டுமே என்று நான் தவித்தேன். வரவில்லை. அவர் கண் கயிற்றுக்கு அந்தப்பக்கம் மீட்டரின் மேல் போனது.

"நூத்திரண்டு" என்றார்.

"என்னது?"

"நூத்தியொண்ணு."

"என்ன சொல்றாரு இவரு?"

நான் விளக்கப் போனேன். மாமா கையுறைக் கையைத் தூக்கி என்னைத் தடுத்தார். "இன்னும் இறங்கல. இறங்கிட்டு இருக்கு" என்றார் போனிடம். "இறங்குற வரைக்கும் தொடமாட்டேன். நூறு."

 அக்கா போனை வைக்கவில்லை. அவள் மூச்சு எங்களுக்குக் கேட்டது. "சொல்லிட்டே இருங்க" என்றாள், சன்னமாக. திட்டுவதற்கு முன்னால் வருகிற குரலா, அழுவதற்கு முன்னால் வருகிற குரலா, எனக்குப் பிடிபடவில்லை.

"தொண்ணூத்தொம்பது" என்றார் மாமா. வியர்வை மூக்கு நுனியில் திரண்டு நின்றது. அதைத் துடைக்காமல் அடுத்த எண்ணுக்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரிப்பின் மேல் போன் திரை அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.